ராசிக் கட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாலைக் கோள் தேடுவது எப்படி

மதுரை வில்லாபுரத்தில் குடியிருந்த காலத்தில் ஒரு நாள் சாயங்காலம், தெருப் பிள்ளைகள் ஆறேழு பேரை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். மேற்கே பளிச்சென்று ஒரு வெளிச்சம் நின்றது. "அதுதான் வெள்ளி, சூரியனுக்கு ரெண்டாவது கோள்" என்று பெரிய மனுஷத் தோரணையில் விளக்கிக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை, மின்னவில்லை, எல்லா லட்சணமும் பொருந்தியிருந்தது. மூன்று நிமிடம் போனதும் அந்த வெள்ளிக்குப் பச்சையும் சிவப்புமாக இரண்டு விளக்கு முளைத்தது. அப்புறம் சத்தம் வந்தது. "மாமா, வெள்ளி லேண்ட் ஆயிருச்சு" என்று ஒரு பயல் சொன்னதை வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

மதுரை விமான நிலைய ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. மேற்கிலிருந்து இறங்க வரும் விமானம் வெகுதூரத்தில் இருக்கும்போது ஏறக்குறைய நம்மை நோக்கியே வரும். அதனால் அதன் முகப்பு விளக்கு வானத்தில் ஆணி அடித்தது போல ஒரே இடத்தில் நிற்கும். என் பிழை விமானத்தைப் பார்த்தது அல்ல. அன்றைக்கு வெள்ளி எங்கே இருக்கும் என்று தெரிந்துகொள்ளாமல் மாடி ஏறியதுதான்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கோள் எங்கே இருக்கும் என்பதைக் கீழே வீட்டிலேயே கண்டுபிடித்துவிட்டுத்தான் மேலே போவேன். அதற்குப் போன் ஆப் வேண்டியதில்லை. பஞ்சாங்கத்திலும், ஆணியில் தொங்கும் காலண்டர்கள் பலவற்றிலும் ஒவ்வொரு தமிழ் மாதத்துக்கும் கிரக நிலை என்று 12 கட்டம் போட்டிருப்பார்கள். அது போதும். நீங்கள் ராசிபலன் நம்புகிறவரா இல்லையா என்பது இங்கே பிரச்சினையே இல்லை. அந்தக் கட்டம் ஒரு வான வரைபடம். பலன் சொல்கிறவர்கள் அதை ஒரு விதமாகப் படிக்கிறார்கள், நாம் வேறு விதமாகப் படிக்கப் போகிறோம்.

முதல் வேலை: இடம்

கோள் பார்க்க இருட்டு வேண்டும், கொடைக்கானலுக்குப் போக வேண்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். வேண்டவே வேண்டாம். வெள்ளியையும் வியாழனையும் பெரியார் பஸ் ஸ்டாண்டு வாசலில் டியூப் லைட்டுக்குக் கீழே நின்றுகூடப் பார்க்கலாம். வேண்டியது தாழ்வாக இறங்கிப் பார்க்க மறைப்பில்லாத மேற்கு வானம். கையை நேராக நீட்டி முஷ்டியைத் தாழ்வானத்தின் மேல் வையுங்கள். அந்த ஒரு முஷ்டி உயரத்துக்கு மேல் கட்டடமோ மரமோ இல்லையென்றால் அந்த இடம் நல்ல இடம்.

மதுரையில் இதற்கு மலையும் கணக்கில் வரும். நகரத்துக்கு மேற்கே நாகமலை நீளமாகப் படுத்திருக்கிறது. மலையடியில் வீடு உள்ளவர்களுக்குச் சூரியன் மற்றவர்களைவிடச் சீக்கிரமே மறைந்துவிடும். கோளும் அப்படித்தான். ஆனைமலைக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு மலையே மேற்கை மூடிவிடும். அவர்கள் கொஞ்சம் நகர்ந்து போக வேண்டும்.

எனக்குப் பிடித்த இடம் கண்மாய்க் கரைதான். நம் பக்கம் நிலம் கிழக்கே சரிந்து போவதால் பல கண்மாய்களுக்குக் கரை கிழக்குப் பக்கம் அமைந்திருக்கும். கரையில் ஏறி நின்றால் எதிரே தண்ணீர், அதற்கு அப்பால் மேற்கு, நடுவில் ஒரு மறைப்பும் கிடையாது. தண்ணீர் இல்லாத காலத்தில் சீமைக்கருவேலம் நிற்கும், அது அவ்வளவு உயரமாக மறைக்காது. மாடக்குளம், வண்டியூர் போன்ற பெரிய கண்மாய்கள் நகரத்தை ஒட்டியே இருக்கின்றன. வைகைக்கு மேலே ஏ.வி. பாலத்தில் நின்றாலும் ஆறு வரும் திசையில் வானம் நன்றாகத் திறந்திருக்கும். ஆனால் முதுகுக்குப் பின்னால் போகும் பஸ் நம்மை நிம்மதியாகப் பார்க்க விடாது. கண்மாய்க் கரைக்குப் போனால் திரும்பி வர டார்ச் அவசியம். இருட்டியபின் பாம்பு நடமாட்டம் உண்டு. செருப்பு போதாது, ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் முடியாது என்றால் மொட்டை மாடி. பத்தில் ஒன்பது நாள் நானும் மாடியில்தான் நிற்கிறேன்.

நேரம்

மதுரையில் சூரியன் மறையும் நேரம் நவம்பர் நடுவில் 6 மணிக்குச் சற்று முன்னால் இருக்கும், ஜூலைத் தொடக்கத்தில் 6:40 தாண்டும். ஆண்டு முழுக்க வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடாது. நாம் பூமத்திய ரேகைக்கு 10 பாகைக்குள் இருப்பதால் இங்கே சூரியன் சாய்வாக அல்லாமல் செங்குத்தாக இறங்குகிறது. அந்தி சட்டென்று முடிந்துவிடும். மறைந்து 20, 25 நிமிடத்தில் முதல் நட்சத்திரங்கள் வரும். ஒன்றேகால் மணியில் முழு இருட்டு.

சூரியன் மறையும்போதே மாடியில் இருங்கள். எந்தத் தென்னைக்குப் பின்னால், எந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு இடப்பக்கம் மறைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் பிறகு வரும் கணக்கெல்லாம் அந்தப் புள்ளியிலிருந்துதான் தொடங்குகிறது. சூரியன் நேர் மேற்கில் மறைவது மார்ச் 20-ஐயும் செப்டம்பர் 22-ஐயும் ஒட்டித்தான். ஜூனில் அங்கிருந்து ஏறக்குறைய இரண்டரை முஷ்டி வடக்கே தள்ளி மறையும், டிசம்பரில் அதே அளவு தெற்கே. "மேற்கே பாரு" என்று பொதுவாகச் சொன்னால் பிள்ளைகள் தடுமாறுவது இதனால்தான்.

மாதத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தை முதல் பங்குனி வரை மதுரை வானத்துக்கு ஈடில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை மேகம். ஆனி, ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலைமேல் மேகம் குவிந்து நின்று, தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் தாழ்வான மேற்கு மட்டும் சாம்பல் பூத்திருக்கும். அப்போது உயரத்தில் உள்ள கோளைத் தேடுங்கள், தாழ்வாக உள்ளதை விட்டுவிடுங்கள்.

கட்டத்தைப் படிப்பது

இதுதான் முக்கிய வேலை. பொறுமையாக ஒரு முறை செய்துவிட்டால் அப்புறம் மறக்காது.

மேல் வரிசையில் இடது மூலை மீனம். அடுத்து மேஷம், ரிஷபம், வலது மூலையில் மிதுனம். அங்கிருந்து கீழே கடகம், சிம்மம், வலது கீழ் மூலையில் கன்னி. கீழ் வரிசையில் வலமிருந்து இடமாகத் துலாம், விருச்சிகம், இடது மூலையில் தனுசு. அங்கிருந்து மேலே மகரம், கும்பம், மறுபடி மீனம். கடிகார முள் சுற்றும் திசைதான் எண்ணும் திசை.

சூரியன் எந்தக் கட்டத்தில் என்று தேடவே வேண்டாம், தமிழ் மாதம்தான் அது. சித்திரை என்றால் மேஷம், வைகாசி ரிஷபம், ஆனி மிதுனம், ஆடி கடகம், ஆவணி சிம்மம், புரட்டாசி கன்னி, ஐப்பசி துலாம், கார்த்திகை விருச்சிகம், மார்கழி தனுசு, தை மகரம், மாசி கும்பம், பங்குனி மீனம். தமிழ் மாதம் பிறப்பதே சூரியன் அடுத்த ராசிக்குள் நுழையும்போதுதான். நம் மாதக் கணக்கு நேராக வானத்திலிருந்து எடுத்தது என்பதைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இந்தக் கட்டத்தை வைத்து மல்லுக்கட்டும்போது தானாகத்தான் புரிந்தது.

இப்போது கட்டத்துக்குள் பாருங்கள். குரு என்றால் வியாழன், சுக் என்றால் வெள்ளி, செவ், புத், சனி தெரிந்தவை. ராகு, கேது கண்ணுக்குத் தெரியாது. நிலாவின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள் அவை, அங்கே பொருள் எதுவும் இல்லை. லக்னம், மாந்தி என்று போட்டிருந்தால் அவற்றையும் விட்டுவிடலாம்.

சூரியன் இருக்கும் கட்டத்தை 1 என்று வைத்து எண்ணுங்கள்.

1-ஆம் கட்டம்: சூரியனோடு சேர்ந்திருக்கிறது. பெரும்பாலும் பார்க்க முடியாது.

2: மேற்கே தாழ்வாக. இருட்டு முழுதாக வருவதற்குள் பார்த்துவிட வேண்டும்.

3: மேற்கே நல்ல உயரத்தில். புதிதாகப் பார்ப்பவருக்கு மிகவும் வசதியான இடம்.

4: உச்சந்தலைக்குப் பக்கம்.

5, 6: உச்சியைத் தாண்டிக் கிழக்குப் பாதி வானத்தில்.

7: சூரியன் மேற்கே மறையும்போது கிழக்கே அப்போதுதான் உதிக்கும். பௌர்ணமி நிலா எப்போதும் சூரியனுக்கு நேர் எதிரே, இந்த ஏழாம் இடத்தில்தான் இருக்கும். சித்ரா பௌர்ணமி அன்று தல்லாகுளத்தில் நின்றுகொண்டு கிழக்கே நிலா எழுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

8 முதல் 12 வரை: மாலைக்கு இல்லை. நள்ளிரவுக்கோ விடியலுக்கோ உரியவை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் எல்லா நேரமும் ஒத்துப்போவதில்லை. குருவுக்குச் சில நாள் வித்தியாசம்தான் வரும், ஆனால் சனிக்கு அது மாதக்கணக்கில் போகும். திருக்கணிதப்படி சனி மீனத்துக்கு வந்தது 2025 மார்ச் 29-இல். வாக்கியப்படி அது 2026 மார்ச்சில்தான். கோயில் வழிபாட்டுக்கு எதைப் பின்பற்றுவது என்பது அவரவர் வழக்கம். வானத்தில் தேடுவதற்குத் திருக்கணிதத்தை எடுங்கள், அது இன்றைய வானியல் கணக்குப்படி போடுவது. ஆங்கிலப் பத்திரிகை ராசிபலனில் வரும் தேதிகளைக் கொண்டுவந்து இதில் கலக்காதீர்கள். அவர்களுடைய ராசிக் கணக்குக்கும் நம்முடையதற்கும் 24 பாகை இடைவெளி.

மூன்று முஷ்டி ஒரு ராசி

கட்டத்தில் பார்த்ததை வானத்தில் அளக்கக் கை போதும். நேராக நீட்டிய கையில் மூடிய முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. சுண்டு விரல் 1 பாகை. ஒரு ராசி 30 பாகை என்பதால் மூன்று முஷ்டி ஒரு ராசி. குழந்தைக்குக் கை சிறிதாக இருந்தாலும் நீளமும் அதற்கேற்பக் குறைவாக இருப்பதால் கணக்கு அநேகமாக மாறாது.

சூரியன் மறைந்த புள்ளியில் தொடங்கி, மேலே ஏறி, உச்சந்தலை பக்கமாகப் போய், கிழக்கே எதிர்ப்புள்ளியில் இறங்கும் ஒரு வில்லை மனதில் வரையுங்கள். மொத்தம் 18 முஷ்டி, 6 ராசி. அஞ்சு கோளும் நிலாவும் இந்த வில்லை ஒட்டியேதான் இருக்கும். நேர் வடக்கே ஒன்று பளிச்சென்று நின்றால் அது கோள் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். மாசி, பங்குனி மாலைகளில் இந்த வில் உச்சந்தலைக்குச் சற்று வடக்காகப் போகும். ஆவணி, புரட்டாசியில் தெற்கே மூன்று முஷ்டிக்கு மேல் சரிந்து போகும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 2025 தைப்பொங்கலுக்கு மறுநாள். தை மாதம், ஆகவே சூரியன் மகரத்தில். திருக்கணிதப்படி கும்பத்தில் சுக்கிரனும் சனியும், ரிஷபத்தில் குரு, கடகத்தில் செவ்வாய், தனுசில் புதன். எண்ணுங்கள்: மகரம் 1, கும்பம் 2, மீனம் 3, மேஷம் 4, ரிஷபம் 5, மிதுனம் 6, கடகம் 7. வெள்ளியும் சனியும் மேற்கே, வியாழன் கிழக்குப் பாதி வானத்தில், செவ்வாய் கிழக்கே அப்போதுதான் உதிக்கிறது. புதன் 12-ஆம் கட்டம், காலை வானத்துக்குரியது.

அப்படியே இருந்தது. மறுநாள் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு முடிந்து திரும்பும்போது வண்டியை ஓரம் கட்டிப் பார்த்தோம். மேற்கே வெள்ளி கொளுத்தி வைத்தது போல நின்றது. பக்கத்திலேயே, சுண்டு விரல் மூன்று வைத்தால் மூடிவிடும் இடைவெளியில், சனி மங்கலாக. முதுகுப் பக்கம் திரும்பினால் செவ்வாய் கங்கு மாதிரி எழுந்துகொண்டிருந்தது. செவ்வாய் சூரியனுக்கு நேர் எதிரே வந்த நாளும் அந்த ஜனவரி 16-தான். கூட வந்த மச்சான் வெள்ளியை மட்டும் பார்த்துவிட்டு, "மத்தது எல்லாம் நீங்க சொல்றதாலதான் கோளு" என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே அடுத்த வேலை சரிபார்ப்பது.

கண்ணில் பட்டது கோள்தானா?

நட்சத்திரம் மின்னும், கோள் மின்னாது. எல்லோரும் சொல்வது, பெரும்பாலும் சரியும்கூட. நட்சத்திரம் எவ்வளவோ தூரத்தில் இருப்பதால் ஒரு புள்ளி ஒளியாக வருகிறது, நடுவில் உள்ள காற்று அதை அலைக்கழிக்கிறது. கோள் பக்கத்தில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஒரு சிறு வட்டு. வட்டின் ஒரு பக்கம் மங்கும்போது மறுபக்கம் சரிக்கட்டிவிடும். ஆனால் சித்திரை வெயிலில் நாளெல்லாம் கொதித்த மொட்டை மாடிகளுக்கு மேலே, தாழ்வானத்துப் புழுதிக்குள், வெள்ளிகூட நடுங்கும். எனவே ஒரு முஷ்டிக்குக் கீழே இருப்பதை, மின்னுகிறதா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உயரம் குறையும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

விமானமா என்று சந்தேகமா? ஐந்து நிமிடம் காத்திருங்கள். போன் கோபுரத்து விளக்கா? இரண்டடி நகர்ந்து நின்று பாருங்கள்.

நட்சத்திரங்களில் ஏமாற்றுபவை சில உண்டு. தை, மாசியில் தென்கிழக்கே பளபளவென்று நீலமும் சிவப்புமாக வெட்டும் சிரியஸ் முதல் ஆள். அதற்குக் கீழே தெற்கில் அகத்திய நட்சத்திரம், நம் ஊரில் அழகாகத் தெரியும், இந்தியாவின் வடகோடியில் உள்ளவர்களுக்குத் தாழ்வானத்தைத் தாண்டுவதே பெரும்பாடு. வெயில் காலத்தில் சுவாதியும், ஆனி ஆடியில் சிவந்து நிற்கும் கேட்டையும். கேட்டையைச் செவ்வாய் என்று நினைப்பது இந்த ஊரில் மட்டும் நடக்கும் கூத்தில்லை. அதன் கிரேக்கப் பெயரே செவ்வாய்க்குப் போட்டி என்று பொருள்படும்.

நிலாவிடம் கேட்பது

எண்ணவும் அளக்கவும் சோம்பலாக இருந்தால் இன்னொரு வழி. நிலா ஒரு மாதத்துக்குள் 12 கட்டத்தையும் சுற்றிவிடும், ஒரு ராசிக்கு இரண்டேகால் நாள். அதனால் மாதம் ஒரு முறை ஒவ்வொரு கோளுக்கும் பக்கத்தில் வந்து நின்று காட்டிக்கொடுத்துவிட்டுப் போகும். தினசரி காலண்டரில் அன்றைய நட்சத்திரம் போட்டிருக்கும். வியாழன் ரிஷபத்தில் இருக்கிற ஆண்டு என்றால் கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம் வரும் நாள்களில் மாடி ஏறுங்கள். நிலாவுக்கு அருகே மின்னாமல் நிற்கும் பெரிய வெளிச்சம் வியாழன்.

மூன்றாம் பிறை பார்க்கும் பழக்கம் உள்ள வீடுகளில் இது இன்னும் சுலபம். அமாவாசை கழிந்த மூன்று நான்கு நாளில் பிறை 2-ஆம், 3-ஆம் கட்டத்தில்தான் இருக்கும், அங்கே வெள்ளி இருந்தால் தப்பவே தப்பாது. 2023 மார்ச் 24 அப்படி ஒரு மாலை. மெல்லிய பிறைக்குக் கீழே பொட்டு வைத்த மாதிரி வெள்ளி ஒட்டிக்கொண்டு நின்றது. அன்று வெள்ளிக்கிழமை வேறு. எங்கள் தெருவில் டீக்கடை மாஸ்டர் அடுப்பை விட்டுவிட்டு வெளியே வந்து போனை நீட்டிக்கொண்டு நின்றார். "என்னண்ணே இது, நிலாவுக்குத் தோடு போட்டுருக்காக?" என்று கேட்டார். அதைவிட நன்றாக என்னால் எழுத முடியாது.

ஒவ்வொன்றாக

வெள்ளியிலிருந்து தொடங்குங்கள். சிரியஸைவிடப் பத்து மடங்குக்கும் மேல் ஒளி. சூரியனிலிருந்து 47 பாகைக்கு மேல் விலகாது, அதாவது நாலரை ஐந்து முஷ்டிக்குள்தான் எப்போதும். சூரியன் இருக்கும் கட்டத்தை 1 என்று எண்ணி, 4-ஆம் கட்டத்தில் சுக்கிரனைப் போட்டிருந்தால் அச்சுப் பிழை என்று தாராளமாகச் சொல்லலாம். ஆகவே வெள்ளி நடுராத்திரியில் உச்சியில் நிற்பது நடக்காத காரியம். அதிகபட்சம் சூரியன் மறைந்து மூன்று மணி நேரம். ஏறக்குறைய 8 மாதம் மாலையில் இருந்துவிட்டு, சில நாள் காணாமல் போய், பின் 8 மாதம் விடிவெள்ளியாக வரும். மாலையில் பார்த்ததும் காலையில் பார்த்ததும் ஒரே ஆள்தான். 8 ஆண்டுக்கு ஒருமுறை அதன் போக்கு அநேகமாக அதே தேதிகளில் திரும்ப வரும். 2017 ஜனவரியில் எங்கே நின்றதோ 2025 ஜனவரியில் அங்கேயே நின்றது. 2033 ஜனவரிக்கு இப்போதே குறித்து வைத்துக்கொள்ளலாம்.

வியாழன் ஆண்டுக்கு ஒரு ராசி நகரும். குருப்பெயர்ச்சி என்று நாளிதழ்கள் மலர் போடுவது இதைத்தான். அதனால் அதன் மாலைப் பருவமும் ஆண்டுக்கு ஒரு மாதம் தள்ளிப்போகும். பால் கலந்த மஞ்சள் நிறம். வெள்ளி இல்லாத மாலைகளில் மேலே பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

செவ்வாயை நம்பி யாரையும் கூட்டி வராதீர்கள். 26 மாதத்துக்கு ஒருமுறை சூரியனுக்கு எதிரே வரும்போது சில மாதம் அட்டகாசமாக இருக்கும். மற்ற நேரம் ஒரு சாதாரண செம்மஞ்சள் நட்சத்திரம் அளவுக்கு மங்கிவிடும்.

சனி ஒரு ராசியில் இரண்டரை ஆண்டு உட்காரும். ஒருமுறை கண்டுபிடித்தால் அடுத்த ஆண்டும் அதே பக்கம்தான். சந்தன நிறத்தில் அடக்கமாக, சலனமில்லாமல் நிற்கும். நவக்கிரக சன்னதியில் சனிக்குக் கறுப்பு, புதனுக்குப் பச்சை, செவ்வாய்க்குச் சிவப்பு, குருவுக்கு மஞ்சள், சுக்கிரனுக்கு வெள்ளைத் துணி கட்டுகிறார்கள். சிவப்பு, மஞ்சள், வெள்ளை மூன்றும் வானத்தோடு பொருந்துகின்றன. கறுப்பையும் பச்சையையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

பைனாகுலர், போன்

முதலில் எச்சரிக்கை. சூரியன் முழுவதும் மறையும் வரை பைனாகுலரை மேற்கே திருப்பவே கூடாது. ஒரு நொடி போதும், பார்வை போய்விடும். பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு நகராதீர்கள். சூரியனைப் பார்ப்பதற்கென்றே கொடைக்கானலில் 1899 முதல் ஓர் ஆய்வகம் இருக்கிறது. அந்த வேலையை அவர்களிடம் விட்டுவிடலாம்.

இருட்டியபின் 10×50 அளவுள்ள சாதாரண பைனாகுலரை மாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கை ஊன்றி வியாழன் பக்கம் திருப்புங்கள். இரு பக்கமும் ஒரே கோட்டில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ தொலைநோக்கியில் கண்ட நான்கு நிலாக்கள் அவை. நாலும் எல்லா நாளும் தெரியாது, ஒன்றிரண்டு வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ ஒளிந்திருக்கும். இன்று பார்த்து ஒரு தாளில் வரைந்து, நாளை பார்த்து அதன் கீழே வரையுங்கள். இடம் மாறியிருக்கும். சனியின் வளையத்துக்குப் பைனாகுலர் போதாது, சிறிய தொலைநோக்கியாவது வேண்டும். 2025 மார்ச்சில் வளையம் விளிம்பு மட்டும் நம் பக்கம் திரும்பிக் கோடாகிப்போனது, ஏறக்குறைய 15 ஆண்டுக்கு ஒருமுறை அப்படி ஆகும்.

போன் கேமராவில் ஜூம் செய்தால் வெள்ளைக் குழம்புதான் வரும். வானத்தையும் கோபுரத்தையும் சேர்த்து அகலமாக எடுங்கள், அந்தப் படம் நன்றாக இருக்கும். ஸ்டெல்லேரியம் போன்ற ஆப் வைத்திருந்தால் நீங்கள் கட்டத்தில் போட்ட கணக்கைச் சரிபார்க்க உதவும். மாடியில் இரும்புக் கம்பி, சோலார் தாங்கி பக்கம் நின்றால் போனின் திசைகாட்டி தப்பான திசை காட்டும். தள்ளி நின்று பாருங்கள்.

புதன்

கடைசிக்கு வைத்திருப்பது காரணத்தோடுதான். வெறும் கண்ணுக்குத் தெரியும் ஐந்தில் ஆயுளுக்கும் பலர் பார்க்காமலே விடுவது இது. சூரியனிலிருந்து 28 பாகையைத் தாண்டாது, மூன்று முஷ்டிகூட முழுதாக இல்லை. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை மாலையில் எட்டிப் பார்க்கும், ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று வாரம். ஐரோப்பாவில் இதைப் பார்க்க மிகவும் சிரமப்படுவார்கள், அங்கே கோள்களின் பாதை பல மாதங்கள் தாழ்வானத்தை ஒட்டிப் படுத்துவிடும். நமக்கு அது எப்போதும் நிமிர்ந்தே நிற்பதால் புதனும் மேலே நிற்கிறது. மதுரைக்காரர்களுக்கு இது ஒரு சொத்து, யாரும் பயன்படுத்துவதில்லை.

கட்டத்தில் புதன் சூரியனுக்கு அடுத்த கட்டத்தில் இருக்கும் மாதமாகப் பாருங்கள். அந்தக் கட்டத்துக்குள் நுழைந்து சில நாள் ஆனபின் போவது மேல். இதற்கு மட்டும் கண்மாய்க் கரையே நல்லது. சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள், ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். சூரியன் மறைந்த புள்ளிக்கு மேலே ஒரு முஷ்டியிலிருந்து இரண்டு முஷ்டி வரை, முதலில் பைனாகுலரால் இடமிருந்து வலமாக மெதுவாகத் துழாவுங்கள். கிடைத்ததும் பைனாகுலரை இறக்கிவிட்டு அதே இடத்தை வெறும் கண்ணால் பாருங்கள், ஒரு சின்ன இளஞ்சிவப்புப் புள்ளி நிற்கும். அதற்கு நேர் கீழே ஒரு பனையையோ கோபுரத்தையோ அடையாளம் வைத்துக்கொள்ளாவிட்டால், பக்கத்தில் உள்ளவருக்குக் காட்டத் திரும்பிய நொடியில் தொலைத்துவிடுவீர்கள். நான் முதல் தடவை மாடக்குளத்தில் அப்படித்தான் தொலைத்தேன். மறுபடி கண்டுபிடிப்பதற்குள் அது தாழ்வானத்துப் புகைக்குள் இறங்கிவிட்டது. டீயைக் குடித்து முடித்துவிட்டே கரை ஏறுங்கள், நடுவில் அதற்கெல்லாம் நேரம் இருக்காது.